சான்றிதழைக் கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நீர் அறிவியல் படிக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 20. மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அப்பா, மதுரைக்கு வெளியே ஒரு கேன் தண்ணீர் பிளாண்ட்டில் வண்டி ஓட்டுகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். தம்பிக்கு 11 வயது. அவன் முன்பற்களில் பழுப்புக் கறை. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறானாம். ஊராட்சியில் வைத்திருக்கும் பரிசோதனைப் பெட்டியில் ஊர்ப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைச் சோதித்தபோது, பல்லில் கறை ஏற்படுத்தும் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து தண்ணீரைப் பற்றித்தான் மேலே படிக்க வேண்டும் என்பது இவர் எண்ணம்.

மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன: எம்.எஸ்சி. வேதியியல், எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்தும் ஓராண்டு 'நீர்த்தர மேலாண்மை' டிப்ளமோ. டிப்ளமோவுக்குக் கட்டணம் 1,20,000 ரூபாய். நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். சேரும்போது அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டும். அம்மாவும் மாமாவும் பி.எட். போதும் என்கிறார்கள். இதற்கிடையில் அப்பாவின் முதலாளி ஒரு வழி சொல்லியிருக்கிறார். டிகிரி முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்தால், பிளாண்ட்டின் கெமிஸ்ட் என்று இவர் பெயரைப் போட்டுக்கொள்வாராம். வேலைக்கு வர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வந்து பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டால் 4,000 ரூபாய். "அப்பா இதைக் கடவுள் காட்டிய வழி என்கிறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. ஆனால் மறுத்தால் அப்பா வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

கூடவே வீட்டு நிலவரமும் இருக்கிறது. தம்பிக்கு இப்போது போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்களாம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் போர் தண்ணீர் 640, கேன் தண்ணீர் 40. பாட்டியோ, "புதுப் போர்த் தண்ணியில பருப்பு பஞ்சா வேகுது, அதுல என்ன குத்தம்?" என்கிறாராம். பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று அப்பாவுக்கு ஒரு சந்தேகம்.

அன்புத் தங்கைக்கு,

படிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் தம்பி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அது காத்திருக்கக் கூடாதது. தவிர, நீர் அறிவியல் என்றால் என்ன என்பதும் அதைப் பேசும்போதே கொஞ்சம் விளங்கும்.

கொதிக்கவைக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால், மிஞ்சியதில் அதன் அளவு சற்றுக் கூடத்தான் செய்யும். நல்லது என்று நினைத்துச் செய்கிறீர்கள், வருத்தப்பட வேண்டாம். இன்றோடு நிறுத்திவிட்டு, தம்பி குடிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். சமையலுக்கும் மாற்ற வேண்டும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர், சோறும் குழம்பும் போர் தண்ணீரில் என்றால், வெந்த சோறு இழுத்துக்கொள்ளும் தண்ணீரோடு ஃப்ளோரைடும் வயிற்றுக்குள் போகிறது. முறையாகப் பிடித்து மூடிவைத்த மழைநீரில் ஃப்ளோரைடு அநேகமாக இருக்காது. நன்றாகப் பராமரிக்கும் ஆர்.ஓ. கருவியும் ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும். அப்புறம் கேழ்வரகு, முருங்கைக்கீரை, மோர் மாதிரி கால்சியம் உள்ள உணவு, உடம்பு ஏற்கும் ஃப்ளோரைடைக் குறைக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி ஐ.எஸ். 10500. 2012-இல் திருத்தி வெளியானது. அதன்படி ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. உங்கள் ஊரில் 2-ஐத் தாண்டியிருக்கிறது. பற்கறை என்பது, பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது சுமார் 8 வயதுக்குள், உடம்பில் சேர்ந்த ஃப்ளோரைடின் தடம். எனவே தண்ணீரை மாற்றினாலும் தம்பியின் கறை தானாக மறையாது. அதற்கு அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கறையைக் குறைக்கவும் மறைக்கவும் சிகிச்சைகள் இருக்கின்றன. தண்ணீரை மாற்றச் சொல்வது எலும்புக்காக. ஆண்டுக்கணக்கில் அதிக ஃப்ளோரைடு சேர்ந்தால் மூட்டும் முதுகும் இறுகும். தெருவில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இப்போதே தண்ணீரை மாற்றினால் பல்லும் தப்பும். அந்த வீடுகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி பாட்டி சொன்ன பருப்பு. அவர் கவனித்தது சரி. புதுப் போர் தண்ணீர் மென்மையானதாகத்தான் இருக்க வேண்டும். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் பருப்பை வேகவிடாமல் செய்கின்றன. ஆனால் அதே கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃப்ளோரைடாகப் படியவைக்கும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்தபடியே நிற்கும். மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. அந்தப் பாறையிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. ஆழ்துளையின் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கிய தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாய்க்கு ருசியாகவும் பருப்புக்கு இசைவாகவும் இருக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருப்பது முரணே இல்லை. நாக்குக்கு அது தெரியாது.

டிடிஎஸ் மீட்டருக்கும் தெரியாது. அந்தப் பேனா போன்ற கருவி தண்ணீரின் மின் கடத்துத்திறனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. மொத்தத்தில் உப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். 640 என்ற எண்ணுக்குள் 2 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் ஒன்றேதான் காட்டும். 40 காட்டும் கேனில் இ.கோலி என்ற மலக் கிருமி இருந்தால் அதையும் காட்டாது. வீடு வீடாக மீட்டரை முக்கிக் காட்டி ஆர்.ஓ. விற்பவர்களால், இந்த ஒரு எண்தான் தண்ணீரின் தரம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவிவிட்டது. நீங்கள் வேதியியல் மாணவி. இந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள்.

எந்தப் படிப்பு

உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. பட்டத்தின் பெயரில் 'நீர்' அல்லது 'சுற்றுச்சூழல்' என்று இருந்தால்தான் தண்ணீர் வேலைக்குப் போக முடியும் என்று நினைக்கிறீர்கள். நடைமுறை அப்படி இல்லை. தண்ணீர் வேலையில் இருப்பவர்களில் பலர் வேதியியல், ஜியாலஜி, நுண்ணுயிரியல், சிவில் பொறியியல் என்று ஏதாவது ஒரு தாய்ப்பாடத்திலிருந்து வந்தவர்கள். உங்களுக்கு என் ஆலோசனை எம்.எஸ்சி. வேதியியல்தான். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானி பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு இருக்கிறது. அதில் வேதியியல் பிரிவுக்கு வேதியியலிலோ பயன்பாட்டு வேதியியலிலோ பகுப்பாய்வு வேதியியலிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம் அந்தக் கதவைத் திறக்காது. அதே தேர்வின் நீர் நிலவியல் பிரிவு ஜியாலஜி முதுகலை படித்தவர்களுக்கானது, பி.எஸ்சி. வேதியியலிலிருந்து அந்தப் பக்கம் தாவுவது கடினம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணி போன்றவற்றுக்கு வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டு முதுகலையும் உதவும். தனியார் ஆய்வகங்கள், சாயப்பட்டறைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், மருந்துத் தொழிற்சாலைகள் எல்லாம் கெமிஸ்ட்டைத்தான் தேடுகின்றன. ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வேதியியல் தாள் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு யு.ஜி.சி. நெட் தாள் உண்டு.

இதனால் சுற்றுச்சூழல் அறிவியல் மட்டமான படிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம், கொள்கை, தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகியவற்றில் ஆர்வம் இருப்பவருக்கு அது நல்ல படிப்பு. ஆனால் நீங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ஆய்வகத்தைப் பற்றித்தான் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். டைட்ரேஷனில் (துளித்துளியாகக் கரைசலைச் சேர்த்து அளவு காணும் சோதனை) நிறம் மாறும் அந்தத் துளிக்காகக் காத்திருப்பது பிடிக்கும் என்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு வேதியியல்தான் இடம்.

அம்மாவின் பி.எட். யோசனையையும் ஒதுக்க வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து அப்புறம் பி.எட். படித்தால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகலாம். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு அரசுப் பள்ளிகளில் அப்படித் தனிப் பணியிடம் இல்லை. பிடித்த படிப்பும் அம்மா கேட்கும் பாதுகாப்பும் ஒரே பட்டத்தில் அமைகிறதென்றால் அதை விடுவானேன்? வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

எங்கே படிப்பது? அரசுக் கலைக் கல்லூரிகளில் முதுகலைக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பமாகப் போடலாம், கட்டணமும் மிகக் குறைவு. உங்கள் கல்லூரியிலேயே முதுகலை இருந்தால் அங்கும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் போடுங்கள். திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பித்து பிப்ரவரியில் எழுத வேண்டும். வெளியூர் போக வீட்டில் விடுவார்களோ மாட்டார்களோ, விண்ணப்பமாவது போட்டு வையுங்கள்.

டிப்ளமோ விஷயத்தில் என் பதில்: இப்போது வேண்டாம். அந்தச் சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் அது பயிற்சிச் சான்று மட்டுமே, அரசு வேலைக்குத் தகுதியாகாது. நூறு சதவீத வேலை என்றால் எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களின் எண்ணைக் கேட்டு நீங்களே பேசுங்கள். பிடிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் விலகினால் 50 சதவீதம் என்ற 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதி பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கல்லூரிகளுக்கும் உரியது. அசல் சான்றிதழைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. தனியார் பயிற்சி நிலையத்தை அது கட்டுப்படுத்தாது. அசலைக் கேட்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுமைப் பெண் உதவி இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். எம்.எஸ்சி.க்கும் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அதை அழித்துவிடுங்கள். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. ஆனால் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் உங்களுக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மாதம் 4,000 ரூபாய்க்கு ஒரு கையெழுத்து

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய பகுதி. மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உள்ளுணர்வை நம்புங்கள்.

பாக்கெட், கேன் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரத்தின் கீழ் ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கும் பிளாண்ட், சொந்த ஆய்வகமும் தகுதி பெற்ற கெமிஸ்ட்டும் மைக்ரோபயாலஜிஸ்ட்டும் வைத்திருக்க வேண்டும். தண்ணீரை அன்றாடம் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2024 அக்டோபரில் அந்த முத்திரை கட்டாயம் என்ற விதியை நீக்கினார்கள். இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று உங்கள் அப்பாவின் முதலாளி சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேன், பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. அந்த வகை நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் ஆய்வும் தணிக்கையும் உண்டு. பதிவேடுகளைப் புரட்டத்தான் போகிறார்கள்.

அப்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குக் கல்லூரி வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர். அதே செவ்வாய் காலை 10 மணிக்கு பிளாண்ட்டில் தண்ணீரைச் சோதித்ததாகவும் உங்கள் கையெழுத்து. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு சாட்சியே வேண்டாம். இதில் பொய் சொன்னவராக நிற்கப்போவது முதலாளி இல்லை, நீங்கள். அந்தக் கேனைக் குடித்து ஒரு தெருவுக்கே வயிற்றுப்போக்கு வந்தால், 'சோதித்தேன், சுத்தமானது' என்று எழுதியவர் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் பொதுக் குற்றவியல் சட்டத்திலும் பொய்த் தகவலுக்கும் பொய்ச் சான்றுக்கும் தண்டனை இருக்கிறது. எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டனை என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மதுரை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர்ப் பரிசோதனைத் தொழிலில் விற்பனைக்கு இருக்கும் ஒரே பொருள் நம்பகம். தண்ணீர் விஷயத்தில் பொய்க் கணக்கு எளிதில் அகப்பட்டும்விடும். கரைந்திருக்கும் நேர் அயனிகளின் மின்னூட்டமும் எதிர் அயனிகளின் மின்னூட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் மறுபக்கம். இரண்டு கூட்டுத்தொகைக்கும் இடையே பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஏதோ சோதனை தப்பு அல்லது யாரோ உட்கார்ந்த இடத்தில் எண்களை எழுதியிருக்கிறார்கள். அனுபவமுள்ள கெமிஸ்ட் அறிக்கையைப் பார்த்த சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடிப்பார். நாளைக்கு நீங்கள் போய் நிற்கும் நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவரும் அப்படி ஒருவராகத்தான் இருப்பார். முந்தைய அனுபவம் என்று இந்த பிளாண்ட்டைச் சொன்னால் என்ன சோதித்தீர்கள், எந்த முறையில் என்று கேட்பார். போகாத வேலைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

உங்கள் தம்பியின் பல்லைப் பார்த்துத் தண்ணீர் படிக்க வந்தவர் நீங்கள். இன்னொரு வீட்டுத் தம்பி குடிக்கும் தண்ணீருக்குச் சோதிக்காமல் கையெழுத்துப் போட உங்களால் முடியாது. அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

சரி, அப்பாவின் வேலை? அந்தப் பயம் நியாயமானது. முதலாளியோடு மோத வேண்டாம், அவர் முகம் சுண்டும்படியும் பேச வேண்டாம். உண்மையையே காரணமாகச் சொல்லலாம். "மேலே படிக்கப் போறா, காலேஜ்ல முழு நேரம் அட்டெண்டன்ஸ் இருக்கு. ரெண்டு இடத்துல ஒரே நேரம் பேரு இருந்தா உங்களுக்கும் ஆடிட்ல சிக்கல் வரும் அண்ணாச்சி" என்று அப்பா சொன்னால் அது மறுப்பாகவும் தெரியாது, பொய்யும் இல்லை. அவர் நல்லவிதமாக எடுத்துக்கொண்டால் அடுத்த படிக்கும் போகலாம். கோடை விடுமுறையில் சம்பளத்தோடு பயிற்சியாளராக வருகிறேன், மைக்ரோபயாலஜிஸ்ட் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்கிறேன், நான் செய்த சோதனைக்கு மட்டும் என் பெயரை எழுதுகிறேன் என்று கேளுங்கள். எழுத்தில் பணி ஆணை வாங்குங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. அசல் அவரிடம் இருக்கும்வரை அப்பாவாலும் அந்த வேலையை விட முடியாமல் போகும்.

அப்பாவிடம் இதையெல்லாம் பேசும்போது சட்டத்தை முதலில் எடுக்க வேண்டாம். அவர் பேராசையில் கேட்கவில்லை. மகள் படிப்புக்கு வழி தேடுகிறார். அரசுக் கல்லூரிக் கட்டணத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்த 4,000 ரூபாய் இல்லாமலே படிக்க முடியும் என்று தெரிந்தால் அவர் மனம் தானாக இறங்கும்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா

ஒத்துவரும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களைத் தேர்ந்தெடுத்துத்தான் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பரிசோதனைப் பெட்டியைத் திறந்து காட்டியவரும் ஒரு பெண்தானே. ஆய்வக வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கக் களத்துக்குப் போகும் வேலையில்தான் சிக்கல்: வண்டி யார் தருவார்கள், துணைக்கு ஆள் உண்டா, திரும்ப எத்தனை மணி ஆகும், போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமா. இவற்றை வேலைக்குச் சேரும் முன்பே கூச்சமில்லாமல் கேளுங்கள். தொடக்கச் சம்பளம் தனியார் ஆய்வகங்களில் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். நல்ல கருவிகளும் என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகாரமும் உள்ள ஆய்வகத்தில் முதல் இரண்டு வருடம் இருந்துவிட்டால் அப்புறம் உயரும்.

இந்த வருடமே செய்யக்கூடியது

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை என்கிறீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிணறு, ஊராட்சியின் புதுப் போர், தெருக்குழாய், கண்மாயை ஒட்டிய அடிபம்பு என்று நாலைந்து இடங்கள் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஒருமுறை, கோடை தொடங்கும்போது ஒருமுறை மாதிரி எடுத்தால் மழை ஊறுவதால் ஃப்ளோரைடு எப்படி மாறுகிறது என்று தெரியும். கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். ஃப்ளோரைடுக்கு மின்முனைக் கருவி கல்லூரியில் இல்லாவிட்டால், குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களும் சிறு கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். பெட்டியில் நிறம் பார்த்துச் சொன்ன 2 என்பது தோராயம். ஆய்வக எண் கையில் வந்த பிறகே ஊரில் உறுதியாகப் பேச முடியும்.

மாதிரி எடுப்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். போரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு அந்தப் பாட்டில் கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசாமலே நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். இடம், நேரம், ஆழம், யார் எடுத்தது என்று பாட்டிலிலேயே எழுதுங்கள்.

முடிவு வந்ததும் ஊராட்சி அலுவலகத்தில் தனியாகக் காட்டுங்கள், முதலில் மேடையில் வேண்டாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீர் உங்கள் தொட்டிக்கு எவ்வளவு வருகிறது, போர் தண்ணீரோடு எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இலிருந்து உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஆய்வக அறிக்கையை இணைத்து, மாற்றுத் தண்ணீர் கேட்டு அன்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முதலில் துறைத் தலைவரின் சம்மதம் வேண்டும். மழை முடிந்ததும் முதல் மாதிரி எடுத்தாக வேண்டும் என்பதால், இந்த வாரமே போய்ப் பேசுங்கள். ப்ராஜெக்ட் தலைப்பைப் பதிவு செய்துவிட்டால் அப்புறம் மாற்ற விட மாட்டார்கள்.